ஏற்காட்டுக்கு வந்த அமெரிக்க டிவிடி, எதுல போட்டா ஓடும்?

எங்க சித்தப்பா ஏற்காட்டுல நாகலூர் போற ரோட்டுல ஒரு சின்ன வீட்ல இருக்காரு, எஸ்டேட்ல ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, படம்னா போதும், சித்தி சாப்பாட்ட எடுத்து வெச்சு ரெண்டு தடவ சூடு பண்ணணும். போன டிசம்பர்ல அவரு பொண்ணு, அதாவது என் தங்கச்சி, நியூஜெர்சில இருந்து வந்தப்ப ஒரு பொட்டி நெறைய டிவிடி கொண்டாந்தா. எண்ணிப் பாத்தா 43. அங்க லைப்ரரில பழைய டிஸ்க்க எல்லாம் கழிச்சு விடறப்ப ஒரு டாலர் ரெண்டு டாலருக்கு குடுப்பாங்களாம், அப்பாக்கு புடிக்குமேன்னு குதிரை மேல துப்பாக்கியோட போற படம், பழைய கருப்பு வெள்ளை, காட்டு மிருகம் பத்தினதுன்னு அள்ளிட்டு வந்துட்டா. அவ இருந்த வரைக்கும் ஊர் சுத்தறதுலயே நேரம் போயிடுச்சு, பொட்டிய யாரும் பிரிக்கல. அவ பிளைட் ஏறின மறுநாள் காலைல சித்தப்பா எனக்கு போன் பண்ணாரு, "டேய் தம்பி, உன் தங்கச்சி கொண்டாந்தது ஒண்ணு கூட ஓடல, உள்ள போட்டா ராங் ரீஜன்னு எழுதி காட்டிட்டு சும்மா நிக்குது, எல்லாம் கெட்டுப்போன டிஸ்க்கா?"

கெட்டுப்போகல சித்தப்பா, பூட்டு போட்டிருக்குன்னு சொன்னேன். அந்த பூட்ட எப்படி தெறக்கறதுன்னு ரெண்டு மாசம் அஸ்தம்பட்டிக்கும் ஏற்காட்டுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுல ஏறி ஏறி எறங்கினேன், அதுல தெரிஞ்சதத்தான் இங்க எழுதறேன், வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கற வீட்ல எல்லாம் இந்த மாதிரி ஒரு பொட்டி பரண்ல கெடக்கும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், "ரீஜன் பிரச்சனை"ன்னு நாம மொத்தமா சொல்றது உண்மைல மூணு தனித்தனி பிரச்சனை. டிஸ்க்ல இருக்கற ரீஜன் நம்பர், அதாவது எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடலாம்ங்கற நம்பர் ஒண்ணு, படத்தோட டிவி முறை ஒண்ணு, அங்கிருந்து மெஷினே கொண்டாந்தா கரண்ட்டு ஒண்ணு. எது மாட்டியிருக்குன்னு பாக்காம காச செலவு பண்ணா ஒண்ணத் தெறந்துட்டு இன்னொண்ணுல முட்டிக்குவீங்க, நான் முட்டிக்கிட்டேன்.

ரீஜன் நம்பர் டிஸ்க் கவரோட பின்பக்கம் சின்னதா ஒரு உலக உருண்டை படம் போட்டு அதுக்குள்ள இருக்கும். அமெரிக்காவும் கனடாவும் 1. லண்டன், ஐரோப்பாவுல பெரும்பாகம், ஜப்பான், துபாய் சவுதி பக்கம், தென் ஆப்பிரிக்கா எல்லாம் 2. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், கொரியா 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. நாம 5, நம்மகூட இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவுல பெரும்பாகம். சீனா 6. 8-ன்னு ஒண்ணு இருக்கு, அது விமானத்துக்கும் கப்பலுக்குமாம். ஆக துபாய்ல இருக்கற மச்சான் வாங்கிட்டு வர்றது 2, கோலாலம்பூர் பெரியம்மா குடுத்தனுப்பறது 3, எதுவுமே நம்ம 5 கெடையாது. டிவிடி வந்த புதுசுல, 1996, 97-ல, ஒரு படம் அமெரிக்காவுல தியேட்டர விட்டு போயி டிஸ்க்கா வர்றப்ப தான் இங்க தியேட்டர்லயே ரிலீஸ் ஆகும், அந்த டிஸ்க் இங்க வந்துட்டா தியேட்டர்ல எவன் பாப்பான்னு கம்பெனிங்க போட்ட வேலி இது. ஊருக்கு ஊர் வெல வித்தியாசமா வெச்சு விக்கறதுக்கும் தோது. இப்ப பெரிய படமெல்லாம் எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல ரிலீஸ், வேலி மட்டும் அப்படியே நிக்குது.

உலக உருண்டைல ஆல்-ன்னு இருந்தாலோ 0-ன்னு இருந்தாலோ பூட்டு இல்ல. வெளிநாட்டு தமிழ் ஆளுங்களுக்குன்னு லண்டன்லயும் மலேசியாவுலயும் போட்டு வித்த தமிழ் பட டிஸ்க் எங்க வீட்ல கெடக்கறது பெரும்பாலும் ஆல் ரீஜன்தான். இங்க மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் வித்த காலம் ஞாபகம் இருக்கும், பொட்டிக்கடைல கூட தொங்கும், சித்தப்பாகிட்ட அதுவே ஒரு அட்டைப்பொட்டி இருக்கு. அதுவும் அவருகிட்ட இருக்கறது எல்லாம் எதுல போட்டாலும் ஓடுது. இத ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசில இதுதான் கை குடுத்துச்சு.

ரெண்டாவது விஷயம் டிவி முறை, இதுல தான் படிச்சவங்களே ஏமாறுவாங்க. நம்ம ஊர் முறைக்கு பேரு பால், ஆவின் பால் இல்ல, பி-ஏ-எல். நொடிக்கு 25 படம், 576 வரி. அமெரிக்கா ஜப்பான்ல என்டிஎஸ்சி, நொடிக்கு கிட்டத்தட்ட 30 படம், 480 வரி. ரீஜனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உதாரணத்துக்கு தங்கச்சி கல்யாணத்துக்கு சேலத்துல ஸ்டுடியோகாரர் போட்டு குடுத்த டிவிடி, அதுல எந்த ரீஜன் பூட்டும் கெடையாது, கம்ப்யூட்டர்ல எழுதின டிஸ்க்குக்கு யாரு பூட்டு போடப்போறா, ஆனா நியூஜெர்சில அவ மாமியார் வீட்டு ப்ளேயர்ல ஓடவே இல்ல, கடைசில லேப்டாப்ல தான் பாத்தாங்க. ஏன்னா அது பால் டிஸ்க், அமெரிக்காவுல விக்கற ப்ளேயர் நெறைய பால் டிஸ்க்க எடுக்காது. இந்தப்பக்கம் நமக்கு அதிர்ஷ்டம், இங்க விக்கற ப்ளேயர் அனேகமா ரெண்டையும் எடுக்கும், எல்இடி டிவியும் ரெண்டையும் காட்டும். பழைய பொட்டி டிவி வெச்சிருக்கறவங்க மட்டும் பாத்துக்குங்க, பால் மட்டும் தெரிஞ்ச டிவில என்டிஎஸ்சி வந்தா படம் கருப்பு வெள்ளையாகும் இல்லன்னா மேல கீழ உருளும். ப்ளேயர் செட்டப்ல டிவி டைப்னு ஒண்ணு இருக்கும், ரெண்டையும் காட்டற டிவின்னா அத மல்டி இல்லன்னா ஆட்டோன்னு வெச்சுடுங்க, பால் மட்டும் தெரிஞ்ச டிவின்னா பால்னு தான் வெக்கணும், பால்னு வெச்சா அமெரிக்க டிஸ்க்க ப்ளேயரே மாத்தி அனுப்பும், அப்ப குதிரை ஓடறப்ப படம் திக்கித் திக்கி போகும்.

சரி, வழிங்களுக்கு வருவோம்.

காசே செலவில்லாத வழி, இருக்கற ப்ளேயர்லயே ரிமோட்ல ரகசிய நம்பர் அடிச்சு ரீஜன மாத்தறது. இது புருடா இல்ல, நெஜமாவே உண்டு. கம்பெனிக்காரன் ஒரே மெஷின செஞ்சு பல நாட்டுக்கு அனுப்பறான், எந்த நாட்டுக்குங்கறத கடைசில ஒரு மறைவான மெனுவுல மாத்திக்குவான், அந்த மெனுவ தெறக்கற நம்பர் எப்படியோ வெளிய வந்துடும். ட்ரேய தெறந்து வெச்சுட்டு, சிலதுல செட்டப் பட்டன அமுக்கிட்டு, வரிசையா நாலஞ்சு நம்பர் அடிச்சா திரைல ரீஜன்னு ஒரு நம்பர் வரும், அத மாத்தி பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணா முடிஞ்சுது. மாடல் மாடலுக்கு நம்பர் வேற, ப்ளேயரோட பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கற முழு மாடல் நம்பர தேடணும், முன்னாடி பளபளன்னு எழுதியிருக்கற பேர தேடினா வேலைக்காகாது. சீனா மெஷின்லயும் வெல கம்மி மெஷின்லயும் இது சுலபமா நடக்கும். பெரிய கம்பெனி மெஷின்ல பல மாடலுக்கு இப்படி ஒரு நம்பரே கெடையாது.

சித்தப்பாவோடது 2009-ல வாங்கின பெரிய கம்பெனி மெஷின். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா உக்காந்து நாலு விதமா அடிச்சேன். மூணுக்கு ஒண்ணும் நடக்கல. நாலாவதுக்கு டிவி ஒரேடியா கருப்பாயிடுச்சு, சித்தி அடுப்படில இருந்து எட்டிப்பாத்து "இருந்ததும் போச்சா"ன்னு கேட்டுட்டு போனாங்க. ஒண்ணும் போகல, நான் அமுக்கினதுல ப்ரோக்ரசிவ் ஸ்கேன்னு ஒண்ணு ஆன் ஆயிடுச்சு, அது மஞ்ச ஒயர்ல வராது, படம் வராததால மெனுவயும் பாக்க முடியல, குருட்டுத்தனமா பட்டன அமுக்கி திருப்பி கொண்டாரதுக்கு ஒரு மணி நேரம். இன்னொரு வகை இருக்கு, சிடில ஒரு ஃபைல எழுதி ப்ளேயருக்குள்ள போட்டு அதோட ஃபர்ம்வேரையே, அதாவது மெஷின ஓட்டற உள் ப்ரோக்ராமையே மாத்தறது. அது பாதில இருக்கறப்ப கரண்ட் போனா ப்ளேயர் செத்துடும். ஏற்காட்டுல காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே கரண்ட் போகும், அந்த விளையாட்டு வேணாம்னு விட்டுட்டேன். ஆனாலும் யாரு கேட்டாலும் மொதல்ல ரிமோட் நம்பர் தேடிப்பாருங்கன்னு தான் சொல்வேன், பத்து நிமிஷ வேலை, சரியா அமைஞ்சா மத்ததெல்லாம் படிக்கவே வேணாம்.

தங்கச்சி போன்ல ஒரு யோசனை சொன்னா, "அண்ணா, இங்க ப்ளேயர் சும்மா கெடக்குது, யாராவது வர்றவங்ககிட்ட குடுத்து அனுப்பட்டா?" கேக்க நல்லா இருக்கு. அமெரிக்க டிஸ்க்குக்கு அமெரிக்க ப்ளேயர், பூட்டுக்கு ஏத்த சாவி. ஆனா அங்க கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. ப்ளேயர் பின்னாடி 100-240ன்னு எழுதியிருந்தா கவலையில்ல, ப்ளக் பின்ன மட்டும் மாத்துனா போதும். வெறும் 120-ன்னு இருந்தா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கணும், டிவிடி ப்ளேயர் இழுக்கறது இருபது வாட் கூட இருக்காது, அதனால சின்னதே போதும், ஆனா வீட்ல வேலைக்கு வர்ற அம்மாவோ பேரனோ தெரியாம நேரா சுவத்துல சொருகினா புகை தான். அதுக்கு மேல பெரிய சிக்கல் நான் முன்ன சொன்னது, அந்த ப்ளேயர் பால் டிஸ்க்க எடுக்காம போக வாய்ப்பு ஜாஸ்தி, அப்ப வீட்டு கல்யாண டிஸ்க், காதுகுத்து டிஸ்க் எல்லாத்துக்கும் பழைய ப்ளேயரையும் பக்கத்துலயே வெச்சிருக்கணும், ரெண்டு ரிமோட், ரெண்டு ஒயர். வேணாம்மான்னு சொல்லிட்டேன்.

என் வீட்ல நான் பாக்கறதா இருந்தா லேப்டாப் தான் எடுத்திருப்பேன், அதனால அதையும் ஒழுங்கா சோதிச்சுப் பாத்தேன். இப்ப வர்ற லேப்டாப்ல டிவிடி ட்ரைவே இல்ல, யூஎஸ்பில மாட்டற வெளி ட்ரைவ் தனியா வாங்கணும், ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள கெடைக்குது. இங்கயே ஒரு தப்ப சொல்லிடறேன், அந்த ட்ரைவ நேரா டிவியோட யூஎஸ்பி ஓட்டைல சொருகினா ஓடும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, பெரும்பாலும் ஓடாது, டிவிக்கு பென் டிரைவ தெரியும், டிவிடி ட்ரைவ தெரியாது. கம்ப்யூட்டர் வேணும். விண்டோஸ் 8-ல இருந்து விண்டோஸ்ல சும்மா டிவிடி ஓட்ற வசதியையும் எடுத்துட்டாங்க, அதனால விஎல்சிங்கற வீடியோ ப்ளேயர் சாஃப்ட்வேர் போட்டுக்கணும், அது ஓசி.

கம்ப்யூட்டர் ட்ரைவுக்கும் ரீஜன் உண்டுங்கறது பலருக்கு தெரியாது. 2000-க்கு அப்புறம் வந்த ட்ரைவுல ரீஜன் நம்பர் ட்ரைவுக்குள்ளயே பதிஞ்சிருக்கும், அஞ்சு தடவ தான் மாத்த முடியும், அஞ்சாவதோட பூட்டிக்கும், விண்டோஸ அழிச்சு திரும்ப போட்டாலும் அந்த கணக்கு மாறாது. எங்க அக்கா பையன் ஒருத்தன் காலேஜ் படிக்கறப்ப, மாத்தட்டுமான்னு கேட்டப்பல்லாம் ஆமா ஆமான்னு தட்டிட்டு 1-ல போய் நிறுத்திட்டான், அப்புறம் ஒரு இந்திய டிஸ்க் போட்டப்ப வேணாம்னுடுச்சு. விஎல்சில பாத்தா இந்த மாத்தற வேலையே வேணாம், டிவிடில இருக்கற சிஎஸ்எஸ்ங்கற பூட்ட அது தானே தெறந்துக்கும், ட்ரைவோட ரீஜன் 5-ஆ இருந்தாலும் 1 டிஸ்க் பெரும்பாலும் ஓடிடுது. பெரும்பாலும்தான், எல்லாத்துலயும் இல்ல. சில கம்பெனி ட்ரைவ் ரீஜன் ஒத்துவரலைன்னா பூட்டுன பகுதிய படிக்கவே விடாது, என்கிட்ட இருந்த பழைய லேப்டாப்போட ட்ரைவ் அப்படித்தான் பண்ணுச்சு, புதுசா வாங்கின வெளி ட்ரைவ்ல 43-ல 41 ஓடுச்சு, மிச்சம் ரெண்டோட கதைய பின்னாடி சொல்றேன். படம் தெளிவுன்னு பாத்தா எல்லா வழிலயும் இதுதான் பெஸ்ட், எச்டிஎம்ஐ ஒயர்ல டிவிக்கு போகுது, என்டிஎஸ்சி பால் தொல்லை எதுவுமே இல்ல. ஆனா சித்தப்பாவ லேப்டாப் முன்னாடி உக்கார வெச்சேன், மவுஸ் அம்ப தேடறதுக்குள்ள அவருக்கு கோவம் வந்துடுச்சு, நடுவுல அப்டேட் வேற ஆரம்பிச்சுது, "எனக்கு ரிமோட் போதும்டா"ன்னுட்டாரு. எழுவத்தி நாலு வயசு ஆளுகிட்ட இதுக்கு மேல வாதாடக் கூடாது.

அப்படின்னா எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்தி குடுத்துடலாமேன்னு ஆபீஸ்ல ஒருத்தரு கேட்டாரு. செய்யலாம், ஆனா நீங்க நெனைக்கற அளவு லேசு இல்ல. ரெண்டு அடுக்கு டிவிடி ஒண்ணு 8.5 ஜிபி வரைக்கும் இருக்கும், ஹேண்ட்பிரேக் மாதிரி வீடியோவ சுருக்கற ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு சுருக்கினா ஒண்ணு ரெண்டு ஜிபிக்கு வரும், என் பழைய கம்ப்யூட்டர்ல ஒரு படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, 43-ஐ அதால பெருக்கிக்குங்க. சுருக்காம போட்டா பென் டிரைவ் ஃபேட்32-ங்கற ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தணும், அத உங்க டிவி படிக்குமான்னு பாக்கணும். இதெல்லாம் தாண்டி வந்தா சப்டைட்டில். டிவிடில சப்டைட்டில் எழுத்தா இருக்காது, ஒவ்வொரு வரியும் ஒரு சின்ன படமா தான் இருக்கும், டிவி பலதுக்கு அது தெரியாது, படம் ஓடும் எழுத்து வராது. சித்தப்பாக்கு அந்த குதிரைக்காரங்க பேசற இங்கிலீஷ் காதுல ஏறாது, கீழ எழுத்து ஓடினா தான் படிச்சு புரிஞ்சுக்குவாரு. அப்ப எழுத்த படத்து மேலயே அச்சடிச்சு ஏத்தணும். ஒண்ணு ரெண்டு டிஸ்க்குன்னா சரி.

சட்டத்தையும் கொஞ்சம் யோசிச்சேன். 2012-ல நம்ம காப்பிரைட் சட்டத்துல 65ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, உரிமைய மீறணுங்கற எண்ணத்தோட இந்த மாதிரி டிஜிட்டல் பூட்ட உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் ஃபைனும் உண்டுன்னு இருக்கு. காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் டிஸ்க்க வீட்ல போட்டு பாக்கறதுக்காக ப்ளேயர்ல நம்பர மாத்தறதுல அந்த எண்ணம் எங்க இருக்குன்னு எனக்கு தோணல, ஆனா காப்பி எடுத்து பென் டிரைவ்ல தெருவுக்கே வினியோகம் பண்ணா அது வேற கதை. ஒரு டிஸ்க்க ஏத்திட்டா சித்தப்பா அத அவரு ஃப்ரெண்டு நாலு பேருக்கு குடுக்காம இருக்க மாட்டாரு, அந்த காரணத்துக்காகவும் பென் டிரைவ் வழிய விட்டேன்.

ஆன்லைன்ல பாத்துக்கலாமேன்னு கேப்பீங்க. அவரு வீட்ல மொபைல் டவர் ஜன்னலோரம் ரெண்டு கோடு, மூடுபனி எறங்கிட்டா ஒரு கோடு. அதோட அந்த பழைய படங்கள்ல பாதி இங்க எந்த ஆப்லயும் இல்ல. அடுத்தது.

மிச்சம் இருக்கறது புது மல்டி ரீஜன் ப்ளேயர். இதுல தான் நான் ஏமாந்ததும், கடைசில நின்னதும். மொதல்ல சேலத்துல கடைவீதி பக்கம் ஒரு கடைல போய் கேட்டேன், "ஆல் ரீஜன் சார், எத போட்டாலும் ஓடும், டப்பா மேலயே போட்டிருக்கு பாருங்க"ன்னாரு, டப்பா மேல போட்டிருந்தது நெசந்தான். ஏற்காட்டுக்கு பஸ்ல மடில வெச்சு தூக்கிட்டு போனேன். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவோட பழைய வாசல் வளைவ தாண்டறப்ப ஒரு நெனப்பு, நூத்துக்கு மேல படம் எடுத்து தள்ளின எடம் இது, அதே ரோட்டுல ஒரு படத்த ஓட்டி காட்டறதுக்கு நான் இப்படி அலையறேன்னு. மேல போய் மாட்டினா மொத டிஸ்க்கே ராங் ரீஜன். மறுநாள் கடைக்கு திருப்பி எடுத்துட்டு போனா, பிரிச்ச பொருள் எடுக்க மாட்டோம்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேச்சு, பாதி காசுக்கு எடுத்துக்கிட்டாங்க. அதனால தான் சொல்றேன், இந்த மெஷின் வாங்கப் போறப்ப உங்க வெளிநாட்டு டிஸ்க்குல ரெண்டு மூணு கைல எடுத்துட்டு போங்க, கடைலயே போட்டு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு பாருங்க, போட விட மாட்டேன்னா அடுத்த கடை. போறப்பவே உங்க டிவிக்கு பின்னாடி என்ன ஓட்டை இருக்குன்னும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க, புது டிவி சிலதுல மஞ்ச சிவப்பு வெள்ளை ஒயர் சொருகற எடமே இல்ல, வெல கம்மி ப்ளேயர் சிலதுல எச்டிஎம்ஐ இல்ல, ரெண்டும் சேந்து வந்தா அம்போ தான். எச்டிஎம்ஐ இருக்கறதா பாத்து வாங்கறது நல்லது.

ரெண்டாவது கடைல பேரே தெரியாத கம்பெனி மெஷின், 2,200 ரூபா, அமெரிக்க டிஸ்க் போட்டதும் சத்தமில்லாம ஓடுச்சு. வாங்கிட்டு போய் வெச்சு ஒரு வாரம் ஆச்சு, சித்தப்பா போன். "தம்பி, எல்லாம் ஓடுது, ஆனா ஆறு டிஸ்க் மட்டும் உலக வரைபடம் மாதிரி ஒண்ண காட்டிட்டு நிக்குதுடா." இது எனக்கு புதுசு. தேடிப்பாத்தா விஷயம் இது: மல்டி ரீஜன் ப்ளேயர் வந்து பூட்டு வீணா போனதும், 2000 வாக்குல சில ஸ்டுடியோகாரங்க ஆர்சிஇ-ன்னு இன்னொரு பூட்டு போட்டாங்க. சாதா பூட்டுல ப்ளேயர் டிஸ்க்க பாத்து நீ எந்த ஊருன்னு கேக்கும். இதுல டிஸ்க் திருப்பி ப்ளேயர கேக்கும், நீ எந்த ஊருன்னு. எல்லா ஊரும் என் ஊர்தான்னு 0-ல வெச்ச ப்ளேயர் சொன்னா, ஓஹோ நீ அந்த ஆளான்னு டிஸ்க் ஓடாது. யாதும் ஊரேன்னு சொன்னா வேலைக்காகாத ஒரே எடம் இதுதான்.

மருந்து சுலபம். 0-ல இருந்து மாத்தி நேரா 1-ன்னு வெச்சுட்டா ஆர்சிஇ டிஸ்க்கும் ஏமாந்துடும். அந்த மெஷினுக்கு மறைவு மெனு நம்பர் கடைக்காரரே போன்ல சொன்னாரு, நான் சித்தப்பாக்கு சொல்லி, ட்ரேய தெறங்க, இத அமுக்குங்க, அத அமுக்குங்கன்னு கால் மணி நேரத்துல ஆச்சு. அப்ப ஒரு பயம் வந்துச்சு, 1-லயே நிறுத்திட்டா நம்ம தமிழ் டிஸ்க் ஓடாதோன்னு. இங்க தான் முன்ன சொன்னது கை குடுத்துச்சு, அவருகிட்ட இருக்கற தமிழ் டிஸ்க் எல்லாம் ஆல் ரீஜன், வீட்டு விசேஷ டிஸ்க்குல பூட்டே இல்ல, அதனால 1-ல வெச்சும் அத்தனையும் ஓடுது. சுத்தமா 5-ன்னு போட்ட டிஸ்க் இங்கிலீஷ் பட இந்திய பதிப்பு மூணு தான் இருந்துச்சு, அதுக்கு அந்த பழைய 2009 மெஷின் இருக்கவே இருக்கு. அதனால மல்டி ரீஜன் ப்ளேயர் வாங்கறவங்க அத 0-ல விடாதீங்க, உங்க வீட்டுக்கு எந்த ஊர் டிஸ்க் ஜாஸ்தி வருதோ அந்த நம்பர்ல நிறுத்துங்க, துபாய் லண்டன்னா 2, சிங்கப்பூர்னா 3. கடைல வாங்கறப்பவே ரீஜன கைல மாத்தற மெனு இருக்கா, நம்பர் என்னன்னு கேட்டு வாங்கிக்குங்க, வெறும் ஆல் ரீஜன் மட்டும் இருந்து மாத்தவே முடியாத மெஷினா இருந்தா ஆர்சிஇ டிஸ்க்குல மாட்டிக்குவீங்க. அந்த நம்பர நான் ஒரு சீட்டுல எழுதி மெஷினுக்கு அடிப்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டிட்டேன்.

வெல கம்மி மெஷினுக்கு குறையே இல்லையான்னா இருக்கு. படம் பெரிய கம்பெனி மெஷின் அளவு தெளிவு இல்ல, இருட்டு சீன்ல கட்டம் கட்டமா தெரியுது, லென்ஸ் எத்தன வருஷம் தாங்கும்னு யாரும் கையெழுத்து போட்டு தர மாட்டாங்க. சேலத்துல வெயில்ல இருக்கறவங்களுக்கு இது தெரியாது, ஏற்காடு மாதிரி எடத்துல ஈரம் தான் எமன். பரண்ல வெச்ச டிஸ்க்குல பூசணம் வெள்ளை வெள்ளையா படியும், மெல்லிசு துணில நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேர்க்கோடா தொடைக்கணும், வட்டமா சுத்தி தொடைச்சா கீறல் விழுந்து படம் நின்னுடும். குளிருல கெடந்த மெஷின அடுப்பு எரியற ரூமுக்கு கொண்டாந்து உடனே போட்டா லென்ஸ்ல பனி பூத்து டிஸ்க்கே இல்லன்னு சொல்லும், ஒண்ணு ரெண்டு மணி நேரம் சும்மா விட்டுட்டு போட்டா சரியாயிடும். சித்தப்பா ஒரு தடவ இதுக்கும் ரீஜன் தான் காரணம்னு போன் பண்ணிட்டாரு. இடி இடிக்கறப்ப ப்ளக்க புடுங்கிடுங்கன்னு மட்டும் சித்திகிட்ட தனியா சொல்லி வெச்சிருக்கேன்.

அந்த ரெண்டு டிஸ்க் பாக்கின்னு சொன்னேன்ல. அது டிவிடியே இல்ல, ப்ளூ-ரே, தங்கச்சி நீல கவர பாக்காம சேத்து அள்ளிட்டா. ப்ளூ-ரேக்கு நம்பர் இல்ல, எழுத்து, அமெரிக்கா ஜப்பான் ஏ, ஐரோப்பா ஆஸ்திரேலியா பி, இந்தியா ரஷ்யா சீனா சி. டிவிடி ப்ளேயர்ல அது எந்த ஜென்மத்துலயும் ஓடாது, ப்ளூ-ரே ப்ளேயர் வாங்கினாலும் டிவிடிக்கு இருக்கற மாதிரி ரிமோட் நம்பர் வித்தை அதுல சுலபத்துல நடக்காது, பலதுக்கு உள்ள கைய வெச்சு சிப் மாத்தணும். 4கே டிஸ்க்குக்கு மட்டும் ரீஜனே கெடையாது. ரெண்டு டிஸ்க்குக்காக நான் அந்த வேலைல எறங்கல, ரெண்டும் என் பீரோல இருக்கு, தங்கச்சி அடுத்த தடவ வர்றப்ப கைலயே குடுத்து அனுப்பிடுவேன், கூடவே உலக உருண்டை எங்க இருக்கும்னு காட்டி.